அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"அமெரிக்க நீதிமன்றம் அதிரடித் தீர்ப்பு" என்று தலைப்பு போடுவார்கள். எந்த ஊர் நீதிமன்றம், அந்தத் தீர்ப்பு யாரையெல்லாம் கட்டுப்படுத்தும், மேலே அப்பீல் உண்டா என்ற விவரம் செய்தியின் கடைசி வரி வரைக்கும் வராது. அதனால் வரும் குழப்பத்தில் நண்பர்களும் உறவினர்களும் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்து, தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன். இது பொதுவான விளக்கம்தான். சொந்த வழக்கு என்றால் வக்கீலைப் பாருங்கள்.

கூட்டாட்சி நீதிமன்றம் என்பது மாநில நீதிமன்றத்துக்கு மேலே இருப்பதா?

இல்லை, பக்கத்தில் இருப்பது. இந்தியாவில் இருந்து பார்ப்பவர்களுக்கு முதலில் இடிப்பது இதுதான். நம் ஊரில் முன்சீப் கோர்ட்டில் தொடங்கி டெல்லி வரை ஒரே வரிசை. மத்திய அரசுச் சட்டமானாலும் மாநிலச் சட்டமானாலும் அதே நீதிமன்றங்கள்தான் விசாரிக்கும். அமெரிக்காவில் ஐம்பது மாநிலங்களுக்கும் அவரவர் நீதிமன்றங்கள், அவரவர் உச்ச நீதிமன்றம் உண்டு. அதற்கு இணையாக, நாடு முழுக்க மத்திய அரசின் நீதிமன்றங்கள் தனியாக ஓடுகின்றன. ஒரே நகரத்தில் இரண்டு தெரு தள்ளி இரண்டு கோர்ட்டும் இருக்கும். நீதிபதிகள் வேறு, வழக்கு நடத்தும் விதிகள் வேறு, சம்பளம் தருபவர் வேறு.

மாநிலச் சட்டத்துக்கு என்ன பொருள் என்பதில் அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் சொல்வதே இறுதி. வாஷிங்டனில் உள்ள நாட்டின் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள்கூட அதை மாற்ற முடியாது. மத்தியச் சட்டமோ நாட்டின் அரசமைப்புச் சட்டமோ உள்ளே வந்தால்தான் அவர்களுக்குப் பேச இடம்.

ஒரு எச்சரிக்கை: "நியூயார்க் சுப்ரீம் கோர்ட்" என்று செய்தியில் பார்த்தால் பெரிய இடம் என்று எண்ண வேண்டாம். அந்த மாநிலத்தில் சாதாரண விசாரணை நீதிமன்றத்துக்குத்தான் அந்தப் பெயர்.

எந்த வழக்கு எங்கே போகும்?

விவாகரத்து, உயில், வீட்டு வாடகைத் தகராறு, திருட்டு, அடிதடி, பெரும்பாலான கொலைகள், டிராஃபிக் டிக்கெட் எல்லாமே மாநிலம்தான். அமெரிக்காவில் நடக்கும் வழக்குகளில் மிகப் பெரும்பகுதி மாநில நீதிமன்றங்களில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடும்.

கூட்டாட்சி நீதிமன்றத்துக்குள் நுழைய வழிகள் குறைவு. மத்தியச் சட்டத்தையோ அரசமைப்பையோ அடிப்படையாகக் கொண்ட வழக்கு ஒன்று. மத்திய அரசே ஒரு தரப்பாக இருக்கும் வழக்கு இன்னொன்று. திவால், காப்புரிமை போன்றவை அங்கே மட்டும்தான். அப்புறம், வாதியும் பிரதிவாதியும் வெவ்வேறு மாநிலத்தவராக இருந்து, கேட்கும் தொகை 75,000 டாலரைத் தாண்டினால், மாநிலச் சட்ட விவகாரமாக இருந்தாலும் அங்கே கொண்டுபோகலாம். டெக்சாஸ்காரர் மீது நியூஜெர்சி கம்பெனியின் லாரி மோதியது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளூர் ஜூரி (வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழு) உள்ளூர்க்காரருக்கே சாதகமாகப் போய்விடுமோ என்ற பழைய பயத்தில் வந்த ஏற்பாடு இது. டெக்சாஸ்காரர் மாநில நீதிமன்றத்தில் போட்டால்கூட, அந்தக் கம்பெனி 30 நாளுக்குள் வழக்கைக் கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு மாற்றிக்கொள்ளப் பார்க்கும்.

இடத்தைப் பொறுத்தும் மாறும். யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்குள் அதிவேகமாக ஓட்டி டிக்கெட் வாங்கினால், அது கூட்டாட்சி மாஜிஸ்திரேட் நீதிபதியிடம் போகும். சுற்றுலா போன இடத்தில் இப்படி ஒரு கடிதம் வந்து பதறியவர்கள் உண்டு. பதற வேண்டாம், சிறு குற்றம்தான். ஆனால் கண்டுகொள்ளாமல் விடவும் கூடாது.

ஒரே குற்றத்துக்கு இரண்டு இடத்திலும் விசாரிக்க முடியுமா?

முடியும். "ஒரு குற்றத்துக்கு இருமுறை தண்டனை கூடாது" என்ற விதி அரசமைப்பிலேயே இருக்கிறது. ஆனால் மாநிலமும் மத்திய அரசும் இரண்டு தனி அரசுகள், எனவே ஒரே செயல் இரண்டு குற்றம் என்பது அமெரிக்க நீதிமன்றங்களின் வாதம்.

1991-ல் லாஸ் ஏஞ்சலிஸில் ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரைப் போலீசார் அடித்துத் துவைத்ததை ஒருவர் வீடியோ எடுத்தார். 1992-ல் மாநில நீதிமன்றத்தின் ஜூரி நான்கு போலீசாரில் ஒருவரைக்கூடக் குற்றவாளி என்று சொல்லவில்லை. நகரம் பற்றி எரிந்தது, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிறகு மத்திய அரசு அதே நால்வர் மீது, குடிமகனின் அரசமைப்பு உரிமையைப் பறித்தார்கள் என்று தனி வழக்குப் போட்டது. 1993-ல் இருவருக்குத் தண்டனை கிடைத்தது.

இந்த ஏற்பாடு சரியா என்று 2019-ல் உச்ச நீதிமன்றத்தில் மறுபடி கேள்வி எழுந்தது. 7-க்கு 2 என்ற கணக்கில் பழைய நிலையே தொடரும் என்றார்கள். என்னைக் கேட்டால் எதிர்த் தீர்ப்பு எழுதிய இருவர் பக்கமே நியாயம் கொஞ்சம் கூடுதல். குற்றம் சாட்டப்பட்டவருக்கு இரண்டு அரசும் ஒரே பூட்ஸ்தான். ஆனால் கிங் வழக்கை நினைத்தால் அதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மொத்தம் எத்தனை நீதிமன்றங்கள்?

அடியில் 94 மாவட்ட நீதிமன்றங்கள், நடுவில் 13 மேல்முறையீட்டு நீதிமன்றங்கள், உச்சியில் ஒன்று. அரசமைப்பு தானாக உருவாக்கியது அந்த உச்ச நீதிமன்றத்தை மட்டும்தான். மற்றதெல்லாம் காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், விருப்பப்படி அமைத்தது. 1789-ல் போட்ட சட்டத்தில் 13 மாவட்டங்களுடன் தொடங்கினார்கள்.

இங்கே "மாவட்டம்" என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி சிறியது என்று நினைக்க வேண்டாம். பல மாநிலங்கள் முழுவதும் ஒரே மாவட்டம். கலிபோர்னியா, டெக்சாஸ், நியூயார்க் மூன்றுக்கும் தலா நான்கு. எந்த மாவட்டமும் மாநில எல்லையைத் தாண்டாது, ஒன்றைத் தவிர. யெல்லோஸ்டோன் பூங்கா முழுவதையும் வயோமிங் மாவட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். பூங்காவின் சில துண்டுகள் மொன்டானா, ஐடஹோ மாநிலங்களுக்குள் கிடக்கின்றன. குற்றம் நடந்த மாநிலமும் மாவட்டமும் சேரும் பகுதியிலிருந்தே ஜூரி வரவேண்டும் என்கிறது அரசமைப்பின் 6-வது திருத்தம். ஐடஹோ துண்டில் குடியிருப்பவர் யாருமே இல்லை. அங்கே குற்றம் செய்தால் ஜூரிக்கு ஆள் எங்கிருந்து வரும்? சட்டக் கல்லூரிகளில் பேராசிரியர்கள் இதைச் சொல்லி ரசிப்பார்கள். காங்கிரஸ் இன்னும் சரிசெய்யவில்லை.

ஒரு வழக்கு அடியிலிருந்து உச்சி வரை எப்படிப் போகிறது?

கொழும்பில் பிறந்த தமிழரான ராஜ் ராஜரத்தினத்தின் வழக்கை எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் கேலியன் என்ற முதலீட்டு நிதி நிறுவனத்தை நடத்தியவர். கம்பெனிகளின் உள்விவரங்களை முன்கூட்டியே தெரிந்துகொண்டு பங்கு வாங்கி விற்றார் என்று 2009 அக்டோபரில் கைது செய்தார்கள்.

பங்குச் சந்தை மோசடி மத்தியச் சட்டப்படி குற்றம், நடந்த இடம் மன்ஹாட்டன். எனவே வழக்கு நியூயார்க் தெற்கு மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனது. இத்தகைய பெரிய குற்றத்துக்குக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடர முதலில் கிராண்ட் ஜூரி ஒப்ப வேண்டும். 16 முதல் 23 பேர் வரை கொண்ட இந்தக் குழு மூடிய அறையில் அரசுத் தரப்பை மட்டும் கேட்டு, வழக்குப் போடப் போதுமான ஆதாரம் இருக்கிறதா என்று சொல்லும். அதன் பிறகுதான் திறந்த நீதிமன்றம், 12 பேர் ஜூரி.

2011 மார்ச்சில் விசாரணை தொடங்கியது. அரசின் முக்கிய ஆயுதம் தொலைபேசி ஒட்டுக்கேட்புப் பதிவுகள். போதைமருந்துக் கும்பல்களுக்குப் பயன்படுத்தும் அந்த முறையை ஒரு பங்குச் சந்தைப் புள்ளி மீது இவ்வளவு விரிவாகப் பயன்படுத்தியது அப்போது புதுசு. ஜூரி அவருடைய குரலையே கேட்டது. மே மாதம், 14 குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளி என்று பன்னிரண்டு பேரும் ஒருமனதாகச் சொன்னார்கள். ஒருவர் மறுத்திருந்தாலும் அந்தக் குற்றச்சாட்டில் முடிவு கிடைத்திருக்காது. குற்றவாளியா இல்லையா என்பதை ஜூரி சொல்லும், எவ்வளவு தண்டனை என்பதை நீதிபதி முடிவு செய்வார். 11 ஆண்டு சிறை, ஒரு கோடி டாலர் அபராதம். இதே விவகாரத்தில் பங்குச் சந்தை ஆணையம் தனியாக ஒரு சிவில் வழக்குப் போட்டு, இன்னொரு நீதிபதியிடம் 9 கோடி டாலருக்கு மேல் அபராதம் வாங்கியது.

அப்பீல் இரண்டாவது சர்க்யூட் (வட்டாரம்) மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே சாட்சிகளும் ஜூரியும் கிடையாது. அவர் குற்றம் செய்தாரா என்று யாரும் திரும்ப விசாரிக்கவில்லை. ஒட்டுக்கேட்க அனுமதி வாங்கும்போது புலனாய்வாளர்கள் நீதிபதியிடம் சில விவரங்களைச் சொல்லாமல் விட்டார்களே, அப்படியானால் பதிவுகள் செல்லுமா என்பதே முக்கிய வாதம். 2013-ல் மூன்று நீதிபதிகள் செல்லும் என்றார்கள். உச்ச நீதிமன்றத்துக்கு மனு போட்டார், 2014-ல் எடுத்துக்கொள்ள மறுத்தார்கள். அத்தோடு முடிந்தது.

இதைப் படித்துவிட்டு எல்லா வழக்கும் இப்படி ஓடும் என்று நினைக்காதீர்கள். கூட்டாட்சிக் குற்ற வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல், குற்றத்தை ஒப்புக்கொண்டு அரசுத் தரப்போடு பேசி முடிப்பவை. பன்னிரண்டு பேர் உட்கார்ந்து கேட்கும் விசாரணை அபூர்வம்.

மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை?

பேச வேண்டும். நாட்டில் பெரும்பாலான கூட்டாட்சி வழக்குகளுக்குக் கடைசிப் படி இதுதான். 11 எண் போட்ட சர்க்யூட்கள், தலைநகருக்கு ஒன்று, காப்புரிமை முதலான சில துறைகளுக்கு நாடு முழுக்க ஒன்று, ஆக 13. ஒவ்வொன்றும் சொல்லும் விளக்கம் அந்தந்த வட்டாரத்து மாநிலங்களுக்கு மட்டும் பொருந்தும். ஆகவே ஒரே மத்தியச் சட்டத்துக்கு கலிபோர்னியாவில் ஒரு பொருள், டெக்சாஸில் இன்னொரு பொருள் என்று சில ஆண்டுகள் ஓடும். உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கை எடுத்துக்கொள்ள முதன்மையான காரணம் இந்த முரண்பாடுதான்.

ஒன்பதாவது சர்க்யூட் பிரம்மாண்டம். அலாஸ்கா, ஹவாய், கலிபோர்னியா உட்பட ஒன்பது மாநிலங்கள், 29 நீதிபதி இடங்கள். வழக்கமாக மூவர் அமர்வு கேட்கும். தீர்ப்பு சரியில்லை என்று தோன்றினால் அந்த நீதிமன்றத்தின் நீதிபதிகள் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து மறுபடி கேட்கலாம். ஒன்பதாவதில் எல்லோரும் உட்கார இடம் போதாது என்பதாலோ என்னவோ, 11 பேரை வைத்தே முடித்துக்கொள்கிறார்கள்.

தலைநகர் சர்க்யூட் அளவில் சிறியது, செல்வாக்கில் பெரியது. அரசுத் துறைகள் போடும் விதிகளை எதிர்க்கும் வழக்குகள் அங்கே குவியும். அதன் தலைமை நீதிபதியாக 2020-ல் பொறுப்பேற்றவர் ஸ்ரீ ஸ்ரீனிவாசன். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம், சண்டிகரில் பிறந்து கான்சாஸில் வளர்ந்தவர். 2013-ல் காங்கிரஸின் மேலவையான செனட் அவரை 97-க்கு 0 என்று ஏற்றது. இன்றைக்கு அப்படி ஒரு வாக்கெடுப்பை நினைத்துப் பார்க்கவே முடியாது.

உச்ச நீதிமன்றம் எல்லா அப்பீலையும் எடுக்க வேண்டாமா?

வேண்டாம். ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் மனுக்கள் வரும். விரிவாக வாதம் கேட்டுத் தீர்ப்பளிப்பது அறுபதைச் சுற்றித்தான். ஒன்பது பேரில் நால்வர் "எடுக்கலாம்" என்றால் எடுப்பார்கள். மறுத்தால் பெரும்பாலும் காரணம் சொல்ல மாட்டார்கள். மறுத்ததாலேயே கீழ்த் தீர்ப்பு சரி என்று அவர்கள் சொன்னதாக ஆகாது. செய்தியாளர்கள் திரும்பத் திரும்பத் தவறாக எழுதுவது இங்கேதான்.

மாநில வழக்குகளும் அரசமைப்புக் கேள்வி இருந்தால் இங்கே வரலாம். 1961-ல் புளோரிடாவில் ஒரு பில்லியர்ட்ஸ் விடுதியின் பூட்டை உடைத்ததாக கிளாரன்ஸ் ஏர்ல் கிதியோன் மீது வழக்கு. வக்கீல் வைக்கக் காசில்லை. அரசு வைத்துத் தர வேண்டும் என்று கேட்டார், மாநிலச் சட்டத்தில் இடமில்லை என்று நீதிபதி மறுத்தார். தானே வாதாடித் தோற்று, சிறையிலிருந்து பென்சிலால் ஒரு மனு எழுதி வாஷிங்டனுக்கு அனுப்பினார். 1963-ல் ஒன்பது பேரும் அவர் பக்கம் நின்றார்கள். கடுமையான குற்ற வழக்கில் வக்கீல் வைக்க வசதியில்லாதவருக்கு அரசு வக்கீல் தரவேண்டும் என்பது அன்றிலிருந்து நாடு முழுக்க விதி. மறுவிசாரணையில், இந்த முறை வக்கீலோடு, கிதியோன் விடுதலையானார்.

வாதம் நடக்கும் நாளும் வேடிக்கையானது. பொதுவாக ஒரு தரப்புக்கு அரை மணி நேரம். வக்கீல் இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் கேள்வி மேல் கேள்வி விழும். ஐந்து நிமிடம் மிச்சம் என்றால் பேச்சு மேடையில் வெள்ளை விளக்கு எரியும், முடிந்தால் சிவப்பு. மேசையில் வெள்ளை இறகுப் பேனா வைத்திருப்பார்கள், வக்கீல்கள் நினைவுக்கு வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். அதே கட்டடத்தின் மேல் மாடியில் ஒரு கூடைப்பந்துக் களமும் இருக்கிறது. கீழே வழக்கு நடக்கும்போது விளையாடத் தடை.

மாநிலங்களுக்குள் தண்ணீர்ச் சண்டை வந்தால்?

நேரே உச்ச நீதிமன்றம்தான், வேறு எங்கும் போக முடியாது. கொலராடோ ஆற்று நீருக்காக அரிசோனா 1952-ல் கலிபோர்னியா மீது வழக்குப் போட்டது. நீதிபதிகள் தாங்களே சாட்சி விசாரிக்க முடியாதே, அதனால் சிறப்பு அலுவலர் ஒருவரை நியமித்தார்கள். அவர் இரண்டு ஆண்டுக்கும் மேல் விசாரித்து அறிக்கை கொடுத்தார். 1963-ல் தீர்ப்பு: ஆண்டுக்கு கலிபோர்னியாவுக்கு 44 லட்சம் ஏக்கர்-அடி (ஒரு ஏக்கரில் ஓர் அடி ஆழத்துக்கு நிற்கும் தண்ணீர்தான் ஓர் ஏக்கர்-அடி), அரிசோனாவுக்கு 28 லட்சம், நெவாடாவுக்கு 3 லட்சம். காவிரி வழக்கைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது. அங்கேயும் தீர்ப்போடு சண்டை ஓயவில்லை.

நீதிபதிகளை யார் நியமிக்கிறார்கள்? எவ்வளவு காலம்?

ஜனாதிபதி பெயரைச் சொல்வார், செனட் ஒப்புக்கொள்ள வேண்டும். பதவி வாழ்நாள் முழுக்க. ஓய்வு வயது கிடையாது, சம்பளத்தைக் குறைக்கவும் முடியாது. வக்கீலாக இருக்க வேண்டும், இத்தனை வயது ஆகியிருக்க வேண்டும் என்றெல்லாம் அரசமைப்பு எதுவும் கேட்கவில்லை. மாநிலங்கள் பலவற்றில் நீதிபதிகள் தேர்தலில் நின்று ஜெயிப்பவர்கள். கூட்டாட்சியில் அது கிடையாது.

உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது பேர் என்பதும் அரசமைப்பில் இல்லை. 1789-ல் ஆறு பேர், இடையில் பலமுறை மாறி, 1869 முதல் ஒன்பது. 1937-ல் தன் திட்டங்களை நீதிமன்றம் தொடர்ந்து தள்ளுபடி செய்த கோபத்தில் பிராங்ளின் ரூஸ்வெல்ட் இன்னும் ஆறு பேர் வரை சேர்க்கப் பார்த்தார். சொந்தக் கட்சியே கைவிட்டது.

நியமனம் இன்று முழு அரசியல். 2016 பிப்ரவரியில் ஒரு நீதிபதி இறந்தார். தேர்தல் ஆண்டு என்று சொல்லி, ஒபாமா முன்மொழிந்த மெரிக் கார்லண்டுக்குக் குடியரசுக் கட்சி செனட் ஒரு விசாரணைகூட நடத்தவில்லை. 2020 செப்டம்பரில் இன்னொருவர் இறந்தார். தேர்தலுக்கு ஒரு வாரம் இருக்கையில் ஏமி கோனி பேரட்டை அதே கட்சி ஏற்றுக்கொண்டது. இதற்குச் சொன்ன சமாதானங்கள் எவையும் எனக்கு ஏறவில்லை.

நீக்க வேண்டுமென்றால் பிரதிநிதிகள் சபை குற்றம் சாட்டி, செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். இதுவரை 15 கூட்டாட்சி நீதிபதிகள் மீது குற்றச்சாட்டு நிறைவேறி, 8 பேர் பதவி இழந்திருக்கிறார்கள். அதில் ஒருவரான அல்சி ஹேஸ்டிங்ஸ் 1989-ல் நீக்கப்பட்டார், 1992-ல் தேர்தலில் நின்று அதே பிரதிநிதிகள் சபைக்கே உறுப்பினராகப் போனார்.

ஒரு சட்டம் செல்லாது என்று சொல்லும் அதிகாரம் எங்கிருந்து வந்தது?

அரசமைப்பில் நேரடியாக எழுதவில்லை. 1803-ல் மார்பரி வழக்கில் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் எடுத்துக்கொண்டது. பதவி முடியும் தறுவாயில் ஜனாதிபதி ஜான் ஆடம்ஸ் அவசர அவசரமாக நியமனங்கள் செய்தார். வில்லியம் மார்பரியின் நியமன உத்தரவு கையெழுத்தாகி முத்திரையும் விழுந்தது, போய்ச் சேரவில்லை. புது ஜனாதிபதி ஜெஃபர்சன் கொடுக்க வேண்டாம் என்றார். உத்தரவைக் கொண்டுசேர்க்கத் தவறியவர் யார் தெரியுமா? அப்போது வெளியுறவுச் செயலராக இருந்த இதே மார்ஷல்தான். இன்றைக்கு என்றால் வழக்கிலிருந்து விலகியிருக்க வேண்டும்.

மார்பரிக்கு உரிமை உண்டு என்றார் மார்ஷல். ஆனால் உச்ச நீதிமன்றத்துக்கு நேரே வந்து இப்படி உத்தரவு கேட்கலாம் என்ற 1789-ம் ஆண்டுச் சட்டப்பிரிவு அரசமைப்புக்கு முரண், எனவே செல்லாது என்று முடித்தார். ஜெஃபர்சன் கேட்டது கிடைத்தது, அதனால் மீற எதுவும் இல்லை. நீதிமன்றத்துக்கோ இருநூறு ஆண்டுக்கான அதிகாரம் கிடைத்தது. மார்பரிக்குத்தான் வேலை கிடைக்கவில்லை.

எங்கோ ஒரு மாவட்ட நீதிபதி நாடு முழுக்க அரசு உத்தரவை நிறுத்த முடியுமா?

சில ஆண்டுகளாக அதுதான் நடந்தது. இரு கட்சி ஜனாதிபதிகளும் மாறி மாறி அடி வாங்கினார்கள். தங்களுக்குச் சாதகமான நீதிபதி எந்த ஊரில் இருக்கிறார் என்று பார்த்து வழக்குப் போடுவதும் வழக்கமானது. பிறப்பால் வரும் குடியுரிமை பற்றிய டிரம்ப்பின் உத்தரவை மாவட்ட நீதிமன்றங்கள் நாடு தழுவித் தடுத்தபோது விவகாரம் உச்ச நீதிமன்றம் போனது. 2025 ஜூன் மாதம், 6-க்கு 3 என்று, வழக்குப் போட்டவர்களுக்குத் தேவையான நிவாரணத்தைத் தாண்டி இப்படிப் பொதுத் தடை போடும் அதிகாரம் மாவட்ட நீதிபதிகளுக்கு இருப்பதாகத் தெரியவில்லை என்றார்கள். ஒரே நிலையில் உள்ள அத்தனை பேருக்காகவும் சேர்த்துப் போடும் குழு வழக்கு என்ற வழி திறந்தே இருக்கிறது. வக்கீல்கள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

பொதுநல வழக்கு உண்டா?

நம் ஊர் அர்த்தத்தில் இல்லை. தபால் அட்டையை மனுவாக எடுத்துக்கொள்வது, பத்திரிகைச் செய்தியைப் பார்த்துத் தாமாக முன்வந்து விசாரிப்பது எதுவும் நடக்காது. வழக்குப் போடுபவருக்கே நேரடியான பாதிப்பு இருக்க வேண்டும், எதிர்த் தரப்பால் அது நேர்ந்திருக்க வேண்டும், நீதிமன்றத்தால் சரிசெய்ய முடிவதாக இருக்க வேண்டும். எத்தனையோ பெரிய வழக்குகள் இந்த வாசலிலேயே திரும்பிப் போயிருக்கின்றன. அரசு ஆலோசனை கேட்டாலும் சொல்ல மாட்டார்கள். 1793-ல் ஜார்ஜ் வாஷிங்டன் அரசு சில சட்டக் கேள்விகளை அனுப்பியபோதே, வழக்காக வந்தால் பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது.

தீர்ப்பை அரசு மதிக்காவிட்டால்?

நீதிமன்றத்திடம் படையும் இல்லை, பணமும் இல்லை. நிறைவேற்றுவது நிர்வாகத்தின் கையில். பள்ளிகளில் நிறப் பாகுபாடு கூடாது என்று 1954-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1957-ல் ஆர்கன்சாவின் லிட்டில் ராக் நகரத்தில் ஒன்பது கறுப்பின மாணவர்களைப் பள்ளிக்குள் விடாமல் ஆளுநர் மாநிலக் காவல்படையை நிறுத்தினார். ஜனாதிபதி ஐசன்ஹோவர் 101-வது வான்வழிப் படைப்பிரிவை அனுப்பினார். மாணவர்கள் ராணுவத்தின் காவலோடு வகுப்புக்குப் போனார்கள்.

குடியேற்ற நீதிமன்றம் இதில் எந்தப் படி?

எந்தப் படியும் இல்லை. நாடு கடத்தல் வழக்கைக் கேட்கும் குடியேற்ற நீதிபதிகள் நீதித் துறை அமைச்சகத்தின் ஊழியர்கள், அதாவது அரசாங்கத்தின் கிளை. அங்கே வசதியில்லாதவருக்கும் அரசு வக்கீல் தரவேண்டிய கட்டாயம் இல்லை. தோற்றால் அதே அமைச்சகத்தின் மேல்முறையீட்டு வாரியம், அதன் பிறகு 30 நாளுக்குள் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம். சுதந்திரமான நீதிபதி ஒருவர் அந்தக் கோப்பைத் தொடுவது பெரும்பாலும் அப்போதுதான்.

ஹெச்-1பி வேலை விசா மனுவை நியாயமில்லாமல் மறுத்தார்கள் என்றால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம். குடியுரிமை நேர்காணல் முடிந்து 120 நாள் ஆகியும் முடிவு வரவில்லை என்றாலும் போகலாம்.

நான் கிரீன் கார்டுதான் வைத்திருக்கிறேன். ஜூரி சம்மன் வந்திருக்கிறதே?

வாக்காளர் பட்டியலோடு ஓட்டுநர் உரிமப் பட்டியலையும் பல இடங்களில் பயன்படுத்துகிறார்கள், அதனால் வந்திருக்கும். குடிமக்கள் மட்டும்தான் ஜூரியில் உட்காரலாம். படிவத்தில் குடிமகன் இல்லை என்று உண்மையாகக் குறித்து அனுப்புங்கள், விட்டுவிடுவார்கள். தப்பித் தவறிகூட "குடிமகன்" என்று டிக் அடிக்க வேண்டாம். பொய்யாகக் குடியுரிமை கோரியதாக ஆகி, பின்னால் பெரிய வினையாக முடியும். பதில் போடாமல் குப்பையில் எறிவதும் தவறு.

வழக்கை நேரில் பார்க்கலாமா? ஆவணங்கள் கிடைக்குமா?

பெரும்பாலான விசாரணைகளுக்கு யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். கட்டணம் கிடையாது, பாதுகாப்புச் சோதனை உண்டு. குற்ற வழக்கு விசாரணையில் கேமராவுக்கு அனுமதி இல்லை, அதனால்தான் செய்திகளில் கோட்டோவியங்கள் வருகின்றன. உச்ச நீதிமன்ற வாதங்களைக் கொரோனா காலமான 2020 மே முதல் நேரலையில் கேட்கலாம், ஒலி மட்டும்.

ஆவணங்களுக்கு பேசர் என்ற அரசு இணையதளம் இருக்கிறது. பக்கத்துக்கு 10 சென்ட், ஒரு ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர். மூன்று மாதத்தில் 30 டாலருக்குள் பார்த்தால் வசூலிக்க மாட்டார்கள். தளம் பழைய காலத்து வடிவமைப்பு, தேடுவதற்குப் பொறுமை வேண்டும். தீர்ப்பு மட்டும் போதும் என்றால் அங்கே போக வேண்டியதே இல்லை. மேல்முறையீட்டு நீதிமன்றங்களும் உச்ச நீதிமன்றமும் தங்கள் தளத்திலேயே இலவசமாகப் போட்டுவிடுகின்றன.